சான்றாவணம் இருபத்திரண்டு

என் அலுவலகத்தில் இரண்டு நாற்காலிகள் உண்டு, ஐயா. கைப்பிடி உள்ளது கட்சிக்காரருக்கு, இல்லாதது எனக்கு. வேலையிழந்து வருபவருக்கு முதலில் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாது. பையைத் தடவுவார், சட்டைப் பொத்தானைத் திருகுவார். கைப்பிடி இருந்தால் அந்தத் தவிப்பு அரை நிமிடத்தில் அடங்கிவிடும். இதைக் கவனித்து ஏற்பாடு செய்த வழக்கறிஞர் வேறொருவர் இருப்பதாக நான் அறியேன். நீங்கள் எனக்குத் தந்திருக்கும் நாற்காலிக்கும் கைப்பிடி இருக்கிறது. நன்றி.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். தட்டச்சு செய்யும் அம்மையாருக்குச் சிரமம் இராது. முப்பத்தோர் ஆண்டுகளாக மனுக்களைச் சொல்லி எழுதவைத்தவன் நான். எங்கே பத்தி பிரிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவேன்.

நான் தொழிலாளர் பக்கம் நின்று மட்டுமே வழக்காடுபவன். நிர்வாகத்தின் வக்காலத்து ஒன்றுகூட என் அலமாரிக்குள் நுழைந்ததில்லை. எதிர்த்தரப்பில் வாதாடிய நண்பர்கள் வீடு கட்டினார்கள். அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் கட்டினார்கள். நான் இன்னும் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஏறும்போது இரண்டு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டிய அறையில்தான் இருக்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் மீது ஆதாய நோக்கம் சாட்டப்படுமானால் அந்தப் படிக்கட்டை நீங்கள் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்த காரணம் என் தந்தை. அவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். பழைய செய்யுள் நூல்களும் துதிப்பாடல் திரட்டுகளும் அச்சிடும் இடம். பிழை ஒன்றைக் கண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி அணிந்து பார்ப்பார்; பிழைக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பார். முதலாளியின் மருமகன் எழுதிய முன்னுரையில் பதினான்கு பிழைகளுக்கு அப்படி வாய்ப்புக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பதினான்கையும் சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்பினார். மறுவாரம் அவரைப் பார்சல் கட்டும் அறைக்கு மாற்றினார்கள். அதே சம்பளம், மாற்றுப் பணி என்று கடிதத்தில் இருந்தது. தந்தை கையெழுத்திட்டார். பத்தொன்பது ஆண்டுகள் புத்தகங்களைப் பழுப்புத் தாளில் சுற்றிச் சணலால் கட்டினார். அங்கே போன பிறகுதான் அவர் வீட்டில் பாடத் தொடங்கினார் என்று அம்மா சொல்வார். வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பியதும், எங்களுக்கு யாப்பு சொல்லிக்கொடுத்ததும், அம்மாவோடு காலார நடக்கப் போனதும் அதன் பின்புதான். ஆயினும் 'மாற்றுப் பணி' என்ற சொற்களை எந்தக் காகிதத்தில் கண்டாலும் சிவப்பு மையில் வட்டமிட்டுவிடுவேன். தோற்றவர்கள் பாடுவார்கள், ஐயா. வீட்டார் அதை மகிழ்ச்சி என்று எண்ணிக்கொள்வார்கள்.

ஆகவே கட்சிக்காரரிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: ராஜினாமா எழுதாதீர்கள், மற்ற எல்லாவற்றையும் எழுதுங்கள். தானாக விலகியவருக்குச் சட்டத்தில் இரக்கம் உண்டு, இடம் கிடையாது. இருந்த இடத்திலேயே இருந்து, நடப்பதை நாள்தோறும் குறித்துவைப்பவரே வெல்வார். ஒரு பள்ளி ஆசிரியைக்கு அவர் அறையிலிருந்த நாற்காலியை எடுத்துவிட்டார்கள். நான் சொன்னபடி அவர் இரண்டு ஆண்டுகள் நின்றுகொண்டே பாடம் நடத்தினார். நாள்குறிப்பு நானூறு பக்கம் வந்தது. தீர்ப்பு நாளில் அவரால் முழங்காலை மடக்க முடியவில்லை. ஆனால் அவருக்கு ஒரு நாற்காலி வழங்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நாற்காலி இன்றும் அந்த அறையில்தான் இருக்கிறது.

அதுவும்கூட மேற்கோளாகும் தீர்ப்பன்று. ஒரு பக்க உத்தரவு. என் வழக்குகளில் மிகுதியானவை அப்படி ஒரு பக்கத்திலோ சமரசத்திலோ முடிந்தவை. சமரசம் கட்சிக்காரருக்குப் பிடிக்கும்; அன்று மாலையே வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். ஆனால் அடுத்து வரும் தொழிலாளி அதைக் காட்டி எதையும் கேட்க முடியாது. தொழிலாளியின் பாதுகாப்பு பற்றி விரிவாகப் பேசும் ஒரு தீர்ப்பு, தீர்ப்புத் தொகுதியில் அச்சேறும் ஒரு தீர்ப்பு, நான் தொழிலை விடுவதற்குள் வரவேண்டும் என்று விரும்பினேன். அத்தொகுதிகளில் வழக்காடியவர் பெயரையும் அச்சிடுவது வழக்கம். அது தற்செயல்.

இந்த வழக்கின் மனுதாரர் என்னிடம் வந்தது சென்ற ஆண்டு மழை தொடங்கிய வாரத்தில். நாற்பத்திரண்டு வயது. மீனும் இறைச்சியும் உறையவைத்துச் சேமிக்கும் குளிர்பதனக் கிடங்கில் இருப்பு எடுப்பவர். கணவர் பெயிண்டர், இருவரும் சேர்ந்தே வந்தார்கள். கைப்பிடி நாற்காலியில் கணவர் அவரை உட்காரச் சொன்னார், அவர் கணவரை உட்காரச் சொன்னார். என் குமாஸ்தா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு அந்த வழக்கை முடித்துவைத்தார்.

"வீட்டுல ஐஸ் தண்ணிகூடக் குடிக்க மாட்டா சார்," என்றார் கணவர். "மைனஸ் இருபதுல போயி மீன எண்ணுறா. வேலைப் பொருத்தம் பாருங்க."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. நீங்க ஜோக் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சாருக்கு அடுத்த கேஸ் வந்துடும்."

பிறகு அவர் சொன்னார். நன்றாகச் சொன்னார், ஒரு தேதிகூடத் தவறவில்லை.

அந்தக் குளிரறையின் கதவு ஒரு சாண் கனம். வெளியே ஒரு நெம்புகோல். உள்ளே, இருட்டிலும் ஒளிரும் ஒரு பச்சைக் குமிழ். அதைத் தள்ளினால் கதவு திறக்க வேண்டும். நான்கு மாதமாக அதன் ஸ்பிரிங் உடைந்து கிடந்தது. தொழிலாளர்கள் தாங்களாகவே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நிற்பார். உள்ளே தட்டினால் இவர் திறப்பார். அப்படி நிற்பவருக்குக் 'கதவு' என்றே பெயர். காலையில் வேலைக்கு வந்ததும், "இன்னிக்கு யாரு கதவு?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். புதிதாக வந்த மேலாளர், ஒரு வேலைக்கு இரண்டு ஆள் எதற்கு என்று அதை நிறுத்தினார். தனியாக உள்ளே போகச் சொன்னார். மனுதாரர் மறுத்து, மறுப்பை எழுத்திலும் கொடுத்தார். கீழ்ப்படியாமைக்காக அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அவருக்கு மூச்சிரைப்பு நோயும் இருந்தது. கடுங்குளிரில் தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கலாகாது என்ற மருத்துவச் சான்றிதழை அன்றே கொடுத்தார். அதைச் சான்றாவணம் ஏழாக இணைத்தேன்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். எல்லாரிடமும் கேட்பேன், பதில் பெரும்பாலும் தவறாகவே இருக்கும்.

"வேலை வேணும் சார். அந்த ரூமுக்குள்ள போகாம ஏதாவது ஒரு வேலை. கேட்ல எடை போடுற வேலைன்னாலும் சரி."

நான் குறித்துக்கொள்ளவில்லை.

நிர்வாகம் தன் பதிலில் குமிழ் நல்ல நிலையில் இருப்பதாகவும், மனுதாரர் பொய் சொல்வதாகவும் எழுதியது. எனக்கு அது மகிழ்ச்சியளித்தது. ஒப்புக்கொண்டிருந்தால் வழக்கு ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். மறுத்ததனால் அந்தப் பச்சைக் குமிழ் வழக்கின் உயிர்நிலையாயிற்று.

இரண்டு ஆணைகள் வாங்கினேன். ஒன்று, வழக்கு முடியும்வரை மனுதாரரை அதே பணியில், அதே இடத்தில் மீண்டும் அமர்த்த வேண்டும். மற்றொன்று, நீதிமன்றம் அமர்த்தும் ஆணையர் நேரில் வந்து பார்க்கும்வரை அக்கதவின் எந்த உறுப்பையும் யாரும் தொடக்கூடாது. இன்றுள்ள நிலை மாறாதிருக்க வேண்டும். இல்லையென்றால் இரவோடிரவாகப் புதுக் குமிழைப் பொருத்திவிட்டு, பாருங்கள், நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். தொழிலறிந்த எவரும் செய்வதைத்தான் செய்தேன். தனித்தனியே பார்த்தால் இரண்டும் பழுதற்ற ஆணைகள். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் என்ன பொருள்படும் என்பது நீதிபதியின் கண்ணில் படவில்லை. இரண்டுக்கும் இடையில் ஒன்பது நாட்கள் இருந்தன. என் கண்ணில் பட்டது. முதல் மனுவைச் சொல்லி எழுதவைக்கும்போதே பட்டது.

இரண்டாவது ஆணை கிடைத்த மூன்றாம் நாள் நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. குமாஸ்தா அதைப் பிரித்துப் படித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். இருபத்தாறு ஆண்டுகளாக என்னிடம் இருப்பவர். அவர் சிரித்து நான் பார்த்தது மிகக் குறைவு, அன்று சிரித்தார்.

"நாம கேட்டதுக்கு மேலேயே குடுக்கிறாங்க சார். உள்வரவு நோட்டுல நம்பர் போட்டுடவா?"

"வேண்டாம். இப்படி வைங்க."

"அந்தம்மாவுக்கு ஒரு ஃபோன் போட்டா சந்தோசப்படுவாங்க."

"நான் சொல்லிக்கிறேன்."

பணிநீக்கம் திரும்பப் பெறப்படும். குமிழ் மாற்றப்படும். மனுதாரருக்கு வாயிற்புறத்தில் எடை குறிக்கும் வேலை, அதே சம்பளம். கடிதத்தில் இருந்தவை இவை. இல்லாதவை இரண்டு சொற்கள்: தவறு எங்களுடையது. எடை குறிக்கும் வேலைக்கு முன்னால் அவர்கள் என்ன சொற்களை எழுதியிருந்தார்கள் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். கடிதத்தை மேசையின் கீழறையில் வைத்துப் பூட்டினேன். மனுதாரரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏற்றுக்கொண்டிருப்பார், அதனால்தான் சொல்லவில்லை. தன் உரிமையின் அளவை அறியாதவர் கையில் முடிவை விடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும் என்பது என் கொள்கை.

அவர் வேலைக்குத் திரும்பினார். உடன் வேலை செய்பவர்களில் மூத்தவர் ஒருவர் உண்டு. எல்லாரும் பெரியக்கா என்பார்கள். மேலாளர் கண்ணில் படாமல் அவர் வந்து மனுதாரருக்குக் கதவாக நின்றார். எனக்கு இது தெரியவந்தபோது சற்று வருத்தமாயிருந்தது. மனுவின் பதினோராம் பத்தியில், அங்கே எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று எழுதியிருந்தேன்.

ஆணையர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, இடத்தைப் பார்த்து வைக்கலாம் என்று கிடங்குக்குப் போனேன். கதவின் முன்னால் மெக்கானிக் ஒருவர் குந்தியிருந்தார். கையில் புதுக் குமிழ், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. யாரும் அவரை அனுப்பவில்லை. வேறு வேலைக்கு வந்தவர், மனம் பொறுக்காமல் தானே வாங்கி வந்திருந்தார். ஆணையின் நகலைக் காட்டினேன்.

"ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ சார். டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுடுவேன்."

"தொடக் கூடாதுப்பா. கோர்ட் ஆர்டர்."

"உள்ள ஆளு மாட்டிக்கிட்டா?"

"அதுக்குத்தான் கேஸே நடக்குது."

அவர் ஆணையைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறையும் நேராகப் பிடித்து ஒருமுறையும் பார்த்தார். "கோர்ட்ட ஒரு நாள் உள்ள வெச்சுச் சாத்திப் பாக்கணும் சார். அப்புறம் அதுவே ஸ்க்ரூடிரைவர் கேக்கும்," என்று சொல்லிவிட்டு, குமிழைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இது நீதிமன்ற அவமதிப்பு. எளியவர் என்பதால் நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இனி அந்த நாள்.

ஆணையர் காலை பதினொரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் நிர்வாகத்தார் எவரும் குளிரறைப் பக்கம் வரக்கூடாது என்று ஒரு நிபந்தனையையும் ஆணையில் சேர்க்கச் செய்திருந்தேன். அவர்கள் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். மேலாளர், அவர்களுடைய வழக்கறிஞர், பணியாளர்கள் அனைவரும் முன்புற அலுவலகத்தில் நாற்காலி வரிசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்புறத்தில் நாங்கள் மூவர்தான்: மனுதாரர், பெரியக்கா, நான். நான் பத்தரைக்கே போய்விட்டேன். எப்போதும் முன்னதாகவே போவேன்.

என் எண்ணம் எளிமையானது. ஆணையர் வரும்போது மனுதாரர் உள்ளே வழக்கமான வேலையில் இருக்க வேண்டும். உள்ளிருந்து தட்ட வேண்டும். ஆணையர் தம் காதால் கேட்டு, தம் கையால் திறக்க வேண்டும். இதற்குப் பிறகு எந்த மேல்முறையீட்டிலும் அந்தக் குமிழைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது.

மனுதாரர் கொக்கியிலிருந்து கனத்த மேலங்கியை எடுத்தார். மனுவின் ஒன்பதாம் பத்தியை நினைவூட்டினேன்: நிர்வாகம் தகுந்த குளிர்காப்பு உடை தரவில்லை என்று அதில் இருக்கிறது. அந்த மேலங்கி பெரியக்கா தம் மகனிடமிருந்து வாங்கி வந்து பொதுவாக மாட்டிவைத்தது.

"மனுவுல எழுதினத நான் நடிச்சு வேற காட்டணுமா சார்?"

"நடிக்க வேண்டாம்மா. அவங்க குடுத்தத மட்டும் போட்டுக்கிட்டுப் போங்க. பத்து நிமிசம்."

அவர் மேலங்கியைத் திரும்பக் கொக்கியில் மாட்டினார். நிர்வாகம் கொடுத்தது ஒரு மெல்லிய கோட்டு. அதன் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார்.

பெரியக்கா தம் இடத்தில் வந்து நின்றார். அவரை முன்புறம் போய் மற்றவர்களுடன் இருக்கச் சொன்னேன். அவர் நின்றால் பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது என்றாகிவிடும் என்று பொறுமையாக விளக்கினேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். அப்ப இன்னிக்கு யாரு கதவு?"

"நான் இருக்கேன்."

மனுதாரர் சிரித்துவிட்டார். "பாத்தியாக்கா, எனக்கு வக்கீலே கதவு. இதுக்கே தனியா ஃபீஸ் போட்டுடப் போறாரு. நீ போ, நான் வந்துடுறேன்." இருப்பு எழுதும் அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மணி பத்து நாற்பத்தெட்டு. கதவை நானே சாத்தினேன்.

பத்து ஐம்பத்தாறுக்கு முதல் தட்டு கேட்டது. நான்கு தட்டு, சிறிது இடைவெளி, மறுபடி நான்கு. நான்கு சீர் கொண்ட அடியை யாப்பில் அளவடி என்பார்கள்; பழைய பாடல்களின் இயல்பான நடை அது. தெளிவான, நம்பிக்கையான ஒலி. நேரத்தையும் எண்ணிக்கையையும் குறிப்பேட்டில் எழுதினேன். கட்சிக்காரர்களிடம் எதை வற்புறுத்துகிறேனோ அதை நானும் செய்பவன்.

பதினொன்றுக்கு ஆணையர் வரவில்லை. பதினொன்று ஒன்பதுக்கு என் கைப்பேசியில் அழைத்தார். இளைஞர், நல்ல குடும்பத்துப் பிள்ளை.

"சார், மன்னிச்சுக்குங்க. வழியில டயர் பஞ்சர். ஒரு முக்கால் மணி நேரம் ஆயிடும் போல. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கீங்களா?"

"பரவாயில்ல தம்பி, ஒண்ணும் அவசரமில்ல. நிதானமா வாங்க," என்றேன்.

திறந்திருக்கலாமே என்று உங்கள் ஆய்வாளர் கேட்டார். நியாயமான கேள்வி, நானும் அப்போது எண்ணிப் பார்த்தேன். திறந்தால் மனுதாரர் வெளியே வந்துவிடுவார். ஆணையர் வரும்போது மறுபடி உள்ளே போக மாட்டார். முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், எடை போடும் வேலை இருந்தால் கொடுங்கள் என்று மேலாளரிடமே போய் நிற்பார். மேலாளரும் கொடுப்பார், கடிதத்தின் செய்தியும் வெளிவரும். ஒரு கதவைத் திறந்தால் வழக்கு முழுவதும் அதன் வழியே வெளியேறிவிடும். அதோடு, கதவின் நிலை மாறாதிருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் ஆணை. வாங்கியவனே மீறலாமா?

பதினொன்று பதினான்கிலிருந்து மூன்று மூன்றாகத் தட்டினார். அது சிந்தடி. இடைவெளிகள் நீண்டன. ஒரு தடவை 'சார்' என்பதுபோல் ஒன்று கேட்டது. கதவு கனமானது, மின்விசிறியின் இரைச்சலும் இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாத எதையும் நான் குறிப்பில் சேர்ப்பதில்லை. பதினொன்று இருபத்தேழிலிருந்து இரண்டு இரண்டாக வந்தது, குறளடி. பதினொன்று முப்பத்தாறுக்குப் பின் தனித்தனியாக, மிகத் தாழ்வாக, கதவின் அடிப்பகுதியிலிருந்து வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார் என்று அறிந்துகொண்டேன். கடைசித் தட்டு பதினொன்று நாற்பத்தொன்றுக்கு.

அதன்பின் ஒலி இல்லை. அவர் வலுவைச் சேமித்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன் என்று ஆய்வாளரிடம் சொல்லியிருந்தேன். அது சரியன்று, அந்த வரியை எடுத்துவிடுங்கள். சான்றாவணம் ஏழை இணைத்தவன் நான். ஆணையர் வர இருபத்துநான்கு நிமிடம் ஆயிற்று. அந்த நேரத்தில் குறிப்புகளைப் பிழையின்றிப் படியெடுத்தேன்.

ஆணையர் பன்னிரண்டு ஐந்துக்கு வந்தார். நெம்புகோலை அவர்தான் இழுத்தார். அவருடைய அறிக்கையின் முதல் வரி, உள்ளிருந்து கதவைத் திறக்க இயலாது என்பது நேரில் உறுதி செய்யப்பட்டது என்பதாகும். நான் எதிர்பார்த்ததைவிட வலுவான சொற்கள். கையெழுத்து மட்டும் சரியாக அமையவில்லை.

வாரிசுகளுக்காக வழக்கைத் தொடர்ந்து நடத்தினேன், கட்டணம் வாங்கவில்லை. நாற்பத்தைந்து நிமிடம் ஒரு தொழிலாளி தட்டியும் நிர்வாகத்தார் ஒருவரும் வரவில்லை என்பதை நிறுவ, என் குறிப்பைச் சான்றாவணம் இருபத்திரண்டாகத் தாக்கல் செய்தேன். எதிர்த்தரப்பு அதை மறுக்கவில்லை. அவர்கள் எதையும் படிப்பதில்லை. நீதிபதி படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வழக்கறிஞரே, இதை எழுதியவர் அப்போது எங்கே நின்றிருந்தார்?" என்று கேட்டார்.

"கதவிலிருந்து இரண்டடி தள்ளி," என்றேன். நீதிமன்றத்தில் நான் பொய் சொன்னதில்லை.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாகவே வந்தது. அறுபத்தெட்டுப் பக்கம். அடுத்த தொகுதியில் அச்சேறப் போகிறது. என் பெயர் அதில் இரண்டு இடங்களில் வரும். இரண்டாவது இடம், என்னை விசாரணைக்காக உங்களிடம் அனுப்பும் கடைசிப் பத்தி. இனி எந்தக் குளிரறையிலும் குமிழ் பழுதானால் அன்றே மாற்ற வேண்டும், அதுவரை யாரையும் உள்ளே அனுப்பக் கூடாது என்று அத்தீர்ப்பு விதிக்கிறது. எத்தனை பேர் உயிர் பிழைப்பார்கள் என்று யாரும் கணக்கிடப் போவதில்லை.

இங்கே பத்தி பிரித்துக்கொள்ளுங்கள், அம்மா. கடிதத்தை மறைத்தவன் நான். மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பியவன் நான். மேலங்கியைத் திரும்பக் கொக்கியில் மாட்டச் செய்ததும், பெரியக்காவைப் போகச் சொன்னதும், கதவைச் சாத்தியதும் நான். தட்டுவது கேட்டது, திறக்காவிட்டால் இறந்துவிடுவார் என்று தெரிந்தது, திறக்கவில்லை. 'கவனக்குறைவு' என்று முதலில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அதை நீக்கிவிடுங்கள். என் கவனம் அன்று ஒரு கணமும் குறையவில்லை.

இன்னும் ஒன்றுதான். அன்று பிற்பகல் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கணவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். நகக்கண்களில் வெள்ளை வண்ணம் காய்ந்திருந்தது. "ஒத்தையில கெடந்து செத்துட்டாளோன்னு நெனச்சேன் சார். நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே," என்றார். இப்போது அவருக்கு எல்லாம் தெரியும் என்றும், இந்த அறைக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார் என்றும், என்னைக் காண விரும்பவில்லை என்றும் சொல்கிறீர்கள். துயரத்தில் இருப்பவர் சொல்வதை நான் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. ஆறிய பிறகு அவர் நினைத்துப் பார்ப்பார். அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் தம் மனைவி ஒரு கணம்கூடத் தனியாக இருக்கவில்லை என்பது அவருக்கு விளங்கும்.